அம்மை அறையில் எழுதியவன்

அத்தியாயம் 6

உயிரோடு இருக்கிற நான் கல்லூரியில் ஒரு முறைகூட எழுபது மார்க் வாங்கியதில்லை. ஜனவரி மாதம் மேலூர் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போன விஜய்ஆனந்த், ஏப்ரல் மாதப் பரீட்சையில் வாங்கியிருந்தான். மார்க் ரிஜிஸ்டர்படி ஐந்து தாளிலும் பாஸ். அதுவும் ஒரே நாளில் ஏறவில்லை. நாளுக்கு ஒரு தாள் வீதம், யாரோ தினமும் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுபோல் அவன் பெயருக்கு நேரே மார்க் ஏறியிருந்தது.

ஐந்து தாளையும் உண்மையிலேயே எழுதிய திவ்யாவுக்கு நேரே ஐந்து இடத்திலும் ‘வரவில்லை’ என்று இருந்தது.

“பாண்டி, முழிச்சது போதும். மணி என்ன?” என்றார் மீனலோசனி அக்கா.

“பன்னெண்டே காலுக்கா. உச்சிப் பொழுது. பேய் நடமாடுற நேரம்.”

“நாலு மணிக்கு ரிஜிஸ்டருக்கு சீல் வச்சிருவாங்க. அதுக்கு மேல பேயே வந்து சாட்சி சொன்னாலும் மாத்த முடியாது. நட.”

நடந்தோம். ஒத்தக்கடை தாண்டி யானைமலை நிழல் விழுகிற தூரத்தில் இருக்கிறது அந்த ஆனைமலையான் கல்லூரி. சொந்தமாகப் பரீட்சை நடத்தி, சொந்தமாக மார்க் போட்டுக்கொள்ளும் கல்லூரி. மே மாத விடுமுறையில் வளாகமே வெறிச்சோடிக் கிடந்தது. எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்குப் பின்னால் வந்ததால் நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். அக்கா ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் ஊரார் பேச்சைக் கேட்டுவிட்டு, வேலையை விட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். அவருக்குக் காதுதான் எல்லாம். எனக்கு வாய்தான் எல்லாம். அதனால்தான் சேர்ந்து பிழைக்கிறோம்.

எங்களை வரவழைத்தது திவ்யாவின் அப்பா மொக்கையன், திருவாதவூரில் விவசாயம் பார்க்கிற சம்சாரி. அவர் மகளுக்குப் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. 2001-ல் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆளெடுப்பதைவிட ஆளை வீட்டுக்கு அனுப்புவதே அதிகம். திங்கட்கிழமை பாஸ் சான்றோடு வந்து நிற்காவிட்டால் அந்த வேலை அடுத்த ஆளுக்கு. இன்றைக்கு வெள்ளி.

பரீட்சை நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. பழைய கட்டடத்தின் கடைசி அறையில், வாசலில் வேப்பிலை செருகி, தனியாக உட்கார வைத்தார்கள். கண்காணிப்பாளர் உள்ளே போகவே இல்லை. வாசற்படியில் கேள்வித்தாளை வைத்துவிட்டு விலகி நின்றார். முடிந்ததும் அவளே விடைத்தாளை உறையில் போட்டு நிலைப்படியில் வைத்தாள். கையெழுத்து வாங்க வேண்டிய தாளை யாரும் நீட்டவில்லை. அம்மா இறங்கியிருக்கும்போது அந்தக் கையிலிருந்து பேனா வாங்க யாருக்குத் தைரியம் வரும்?

அதனால் அந்த அறையில் உட்கார்ந்து எழுதியது யார் என்பதற்குக் காகிதத்தில் அத்தாட்சி இல்லை. கண்ணால் பார்த்தது கூட்டுகிற முருகம்மாள் மட்டும்தான்.

“துண்டால தலையச் சுத்திக்கிட்டு ஒரு உருவம் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்துச்சுய்யா. ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? சாமி வந்த எடத்துல உத்துப் பாக்கலாமா?” என்று எங்களிடம் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

காலையில் நாகமலை புதுக்கோட்டை போய், அந்த விடைத்தாள்களைத் திருத்திய பேராசிரியரைப் பிடித்தோம். உறையின் மேல் ‘அம்மை அறை’ என்று மட்டும்தான் இருந்ததாம், பெயரும் நம்பரும் இல்லை. அவர் குறித்து வைத்திருந்த ஐந்து மார்க்கைப் படித்தார். அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு, எழுபத்திரண்டு, அறுபத்தாறு, எழுபது. விஜய்ஆனந்துக்கு ஏறிய அதே ஐந்து. அதே வரிசை.

இதைச் சொன்னதும் தேர்வு அலுவலர் கண்ணுச்சாமிக்கு முகம் வெளிறிவிட்டது.

“அப்ப அம்மை ரூம்புல உக்காந்து எழுதுனது அவன்தானா?”

“சார், செத்தவன் எதுக்கு பி.காம். பாஸ் பண்ணணும்? அங்கயும் வேலை இல்லாத் திண்டாட்டமா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சொல்லப்போனால் எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் திவ்யாவே எங்களிடம் சொல்லியிருந்தாள்: “காய்ச்சல்ல ஒண்ணும் நெனப்பில்லக்கா. பக்கத்து பெஞ்சுல யாரோ எழுதுற மாதிரியே இருந்துச்சு. இப்ப நாந்தான் எழுதுனேனான்னு எனக்கே பயமா இருக்கு.” அதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளை அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் அறை மாடியில். ஜன்னலைக் கறுப்புத் திரைச்சீலை போட்டு மூடி, ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. வெயிலிலிருந்து வந்த எனக்குச் சட்டென்று கிணற்றுக்குள் இறங்கியதுபோல் இருந்தது. அங்கே ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். ராதாகிருஷ்ணன். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர், நெற்றியில் நாமம். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் மூலம் பிப்ரவரியிலிருந்து இங்கே வந்து வேலை பார்க்கிறார். வருஷக்கணக்கில் கம்ப்யூட்டரோடு பழகியவராம்; மார்க் ஏற்றுவது அவர் பொறுப்பு.

“யோவ், அந்தச் செத்த பயலுக்கு மார்க்க ஏத்துனது எவன்யா?” கண்ணுச்சாமி எடுத்த எடுப்பில் கத்தினார்.

ராதாகிருஷ்ணன் எழுந்து நின்றார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு, “பாக்குறேன் சார்,” என்றார்.

“என்னத்தப் பாக்குற? ஸ்டோர் ரூமுக்கு வா, பழைய லிஸ்ட எடு,” என்று கண்ணுச்சாமி அவரை இழுத்துக்கொண்டு போனார். போகும்போது ராதாகிருஷ்ணன் கம்ப்யூட்டர் திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கதவு மூடியது. அக்கா என்னைப் பார்த்தார்.

“ஆறு மாசம் ஆரக்கிள்னு கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சேன்னு பீத்திக்கிட்டியே, உக்காரு.”

“சர்டிபிகேட் இருக்குக்கா. அறிவு இருக்கான்னு கேக்கக் கூடாது.”

உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் கட்டளைக்காகக் காத்துக்கொண்டு கர்சர் கண் சிமிட்டியது. மனிதர் லாக் அவுட் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

“கடைசியா அவர் என்ன கேட்டார்னு பாக்க முடியுமா?”

“எல்னு ஒரே எழுத்து அடிச்சாப் போதும்க்கா. கடைசிக் கேள்விய அதுவே ஒப்பிக்கும்.”

அடித்தேன். ஒற்றை வரி வந்தது. ‘இந்த ரெஜிஸ்டர் நம்பருக்கு உரிய பெயரைக் காட்டு’ என்பது அதன் பொருள். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் நம்பர் இல்லை. முன்னால் இரட்டைப்புள்ளி வைத்து :regno என்று மட்டும் இருந்தது.

“இது என்னடா மொட்டையா?”

“பைண்ட் வேரியபிள்க்கா. ஒரு டப்பான்னு வச்சுக்கங்க. மொதல்ல டப்பாவுக்கு ஒரு பேரு வச்சு, எம்புட்டு எழுத்து கொள்ளும்னு அளவு சொல்லணும். அப்புறம் உள்ள நம்பரப் போடணும். கேள்வியில டப்பா பேரச் சொன்னாப் போதும், உள்ள இருக்குற நம்பர அதுவே எடுத்துக்கும். நாம வேற நம்பரப் போடுற வரைக்கும் பழசு அப்படியே கெடக்கும்.”

“இப்ப டப்பாவுல என்ன கெடக்கு?”

பிரிண்ட் என்று அடித்தேன். திரையில் வந்தது: 98BC014.

அக்கா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். விஜய்ஆனந்தின் நம்பர்.

“பாண்டி, இன்னைக்கு ஏத்த வேண்டிய மார்க் ஏதாச்சும் இருக்கா?”

“இல்லக்கா. ரிசல்ட் ஒட்டி மூணு நாளாச்சு.”

“வேலையே இல்லாத அன்னைக்கு இந்த நம்பர் எதுக்கு உள்ள வந்துச்சு?”

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், “பேய் வருகைப் பதிவு போட்டிருக்கும்,” என்றேன்.

“சரி, திவ்யா நம்பர டப்பாவுல போடு. அதே கேள்வியக் கேளு.”

98BCS031 என்று போட்டேன். எண்டர். என்னமோ வந்து போனது. கேள்வியை மறுபடி கேட்க ஒரு சாய்கோடு அடித்து, எண்டர் தட்டினேன்.

திரையில் வந்த பெயர்: VIJAY ANAND.

“ஐயோ!” என்று நாற்காலியோடு பின்னால் போனேன். திவ்யாவைக் கூப்பிட்டால் செத்தவன் வந்து நிற்கிறான். இன்னொரு முறை போட்டேன். இன்னொரு முறையும் அவனே வந்தான்.

“எக்கா, வாங்க போயிருவோம். கருப்பசாமி கோயில்ல மந்திரிச்சுக்கிட்டு வந்து பாப்போம்.”

“நீ நம்பரப் போட்டதும் நடுவுல மூணு வரி வந்துச்சே. படிச்சியா?”

“அது எப்பவும் வர்ற திட்டுக்கா. ஆறு மாசமும் அதத்தான் பாத்தேன். யாரு படிப்பா?”

“படி.”

படித்தேன். போட வந்த எழுத்துக்கு இடம் போதவில்லை என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. வேரியபிள் என்று அடித்து டப்பாவின் அளவைக் கேட்டேன். ஏழு எழுத்து.

“நாசமாப் போச்சு! ஏழு எழுத்து டப்பாக்கா. பி.காம். மாதிரிப் பழைய படிப்புக்கெல்லாம் ஏழெழுத்து நம்பர். திவ்யா புதுசா ஆரம்பிச்ச கம்ப்யூட்டர் சயின்ஸ். அதுக்கு நடுவுல ஒரு எழுத்துக் கூட, மொத்தம் எட்டு. அவ நம்பர் உள்ளயே போகல. திட்டிட்டு வெளிய தள்ளிருச்சு. உள்ள ஏற்கனவே கெடந்த விஜய்ஆனந்த் நம்பர் அப்படியே இருந்துச்சு. மார்க்கு அவன் தலையில விழுந்திருச்சு!”

“அவ வகுப்புல மத்தவங்களுக்கு?”

“அவங்க மார்க்கு மொத்தமா ஃபைல்ல வந்து ஏறியிருக்கும். அம்மை அறை ஒண்ணுதான் கையால ஏத்துனது. எக்கா, கேஸ் முடிஞ்சுச்சு! பேயும் இல்ல பிசாசும் இல்ல, கை தவறு. வாங்க, கண்ணுச்சாமி ஒரு டீயாவது வாங்கித் தரட்டும்.”

நான் துள்ளி எழுந்தேன். அக்கா எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த மூணு வரிய நீ படிக்காம விடுவ. வருஷக்கணக்கா இதே வேலை பாத்தவரு விடுவாரா? ஒரு நாள் விடலாம். அஞ்சு நாளுமா?”

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

“இன்னொண்ணு. மார்க்குத் திருடனா இருந்தா மார்க்கத்தான கேட்டுப் பாத்திருப்பான்? இவரு கடைசியாக் கேட்டது என்ன?”

“பேரு.”

“பேரு மட்டும். வேலை இல்லாத நாள்லயும் வந்து, அந்த நம்பரப் போட்டு, பேர மட்டும் வரவச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அப்பறம் கண்ணுச்சாமி ‘செத்த பய’ன்னு கத்துனாரே, அப்ப இவரு முணுமுணுத்தது உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு, புரியல.”

“எங்க வீட்டுப் பாஷை அது. சௌராஷ்டிரம். ‘எம்பிள்ளையை அப்படிச் சொல்லாதே’ன்னாரு.”

கதவு திறந்தது. ராதாகிருஷ்ணன் ஒரு கட்டுக் காகிதத்தோடு உள்ளே வந்தார். பின்னால் கண்ணுச்சாமி. திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்ற பெயரை ராதாகிருஷ்ணன் பார்த்தார். காகிதக்கட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

அக்கா அவரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மனிதர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அது மட்டும் புரிந்தது.

“என்னம்மா இது, என்னய்யா நடக்குது?” கண்ணுச்சாமி.

“விஜய்ஆனந்தோட அப்பா சார் இவரு,” என்றார் அக்கா.

ராதாகிருஷ்ணன் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டுத் தமிழில் பேசினார்.

“பம்பாயில சாயக் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை சார் எனக்கு. பையனும் அவங்கம்மாவும் இங்க. தந்தி வந்து, ரயில் புடிச்சு வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. அடிபட்ட ஒடம்பு தாங்காதுன்னாங்களாம். மொகத்தப் பாக்கல. அப்பறம் திரும்பிப் போகவும் மனசு வரல. அவன் நடந்த எடத்துலயே ஒரு வேலை கேட்டு வந்தேன். இன்னார்னு யாருகிட்டயும் சொல்லல. சொன்னா பாவம் பாப்பாங்க, வேலை செய்ய விட மாட்டாங்க.”

“தினமும் காலையில?” என்று கேட்டார் அக்கா.

“தினமும் காலையில வந்ததும் அவன் நம்பரப் போடுவேம்மா. பேரு வரும். பாத்துட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பேன். மொத நாள் கை தவறுனதுதான். அம்மை ரூம்பு உறைய எடுத்து அந்தப் பொண்ணு நம்பரப் போட்டேன், ஏறல. கவனிக்காம மார்க்கப் போட்டேன். திருத்தலாம்னு பாத்தா, எம்பிள்ள பேருக்குப் பக்கத்துல அறுபத்தொண்ணுன்னு நிக்குது.” திரையில் நின்ற பெயரை விரலால் தொட்டார். “மனசு வரலம்மா. மறுநாளு தெரிஞ்சேதான் செஞ்சேன். அஞ்சு தாளும் எழுதி முடிச்சிரட்டும், ஒரு பிரதி எடுத்து அவங்கம்மாகிட்டக் காட்டிட்டு மாத்திரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ரிசல்ட்ட ஒட்டிட்டாங்க. ஊரே பேய்ங்குது. வாயத் தொறக்கப் பயந்துட்டேன்.”

எனக்கு அந்த ஆள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். திவ்யா அழுதது நினைவில் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் வரவில்லை. என்ன செய்ய?

“அண்ணே, அந்தப் பொண்ணு தன்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. மணி ஒண்ணே முக்கால்,” என்றார் அக்கா.

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டப்பாவை எட்டு எழுத்து என்று புதிதாக அறிவித்தார். திவ்யாவின் நம்பரைப் போட்டார். ஒரு முறை பிரிண்ட் அடித்துச் சரிபார்த்தார். பிறகு கேள்வியைக் கேட்டார். DIVYA M என்று திரையில் வந்தது. அந்தத் திரையில் அந்தப் பெயரை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். பேராசிரியர் குறிப்பைப் பார்த்து ஐந்து மார்க்கையும் அக்கா படிக்க, அவர் ஏற்றினார். கண்ணுச்சாமி தோளுக்கு மேல் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

அடுத்து விஜய்ஆனந்த். ஐந்து மார்க்கையும் எடுத்துவிட்டு ‘வரவில்லை’ என்று போட வேண்டும். ராதாகிருஷ்ணனின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

“நான் போடட்டுமாண்ணே?” என்றேன்.

“வேணாம் தம்பி. அவனுக்கு நான் எதையும் என் கையால செய்யல. இத நானே செய்றேன்.”

செய்தார். முதல் தாள், வரவில்லை. இரண்டாம் தாள், வரவில்லை. ஒவ்வொரு எண்டருக்கும் இடையில் மூச்சை இழுத்துக்கொண்டார். நான் திரைச்சீலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்தும் முடிந்தது. கண்ணுச்சாமி அதுவரை கத்திய குரலைத் தொலைத்திருந்தார். “நாளையிலருந்து நீ வர வேணாம்யா. நான் மேல எழுதித்தான் ஆகணும்,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“சரி சார்.”

கீழே இறங்கினோம். வராந்தாவில் மொக்கையன் காலையிலிருந்து நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மகள் பாஸ் என்று அக்கா சொன்னதும் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு யார் திருத்திக் கொடுத்தது என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள், “இந்தா, இவருதான்யா,” என்று கண்ணுச்சாமி ராதாகிருஷ்ணனைக் காட்டிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

மொக்கையன் ஓடிவந்து ராதாகிருஷ்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எம்பிள்ள பொழப்பக் காப்பாத்திட்டீகய்யா. நீங்க நல்லா இருக்கணும், ஒங்க பிள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும். ஒங்களுக்கு எத்தன பிள்ளைக?”

அக்கா குறுக்கே போகப் பார்த்தார். ராதாகிருஷ்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். பிப்ரவரியிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவர் யாரிடமும் சொல்லாததை இப்போது சத்தமாகவே சொன்னார்.

“ஒரு பையன்ண்ணே. இந்தக் காலேஜ்லதான் படிச்சான். விஜய்ஆனந்த்னு பேரு.”

மூன்று நாளாக அந்தப் பெயருக்குப் பயந்து, மகளுக்கு மந்திரித்துக் கயிறு கட்டிய மனிதர் மொக்கையன். பிடித்த கையை அவர் விடவில்லை.